ஊதா என்று எழுதினேன்

பெங்களூரில் அது பூக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால்தான் வளர்த்தேன். அழகாக வேறொரு காரணம் சொல்லலாம், ஆனால் பொய்யாக இருக்கும்.

தாடி ஐரிஸ். அதிலும் நெட்டை வகை. இலைகள் கத்திபோல விசிறி விசிறியாக நிற்கும். நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி இடுப்பு உயரத்துக்கு வரும். ஒவ்வொரு பூவிலும் மூன்று இதழ் மேலே நிமிர்ந்து ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். மூன்று இதழ் கீழே தொங்கும். தொங்குகிற இதழின் கழுத்தில் கம்பளிப்பூச்சி படுத்திருப்பதுபோல ரோமக்கோடு ஒன்று இருக்கும். அதுதான் தாடி. குளிர்நாட்டுச் செடி. கிழங்குக்குச் சில வாரமாவது நல்ல குளிர் கிடைத்தால்தான் பூக்கிற நினைப்பே அதற்கு வரும். எங்கள் ஊர்க் குளிர் ஸ்வெட்டர் விற்பவர்களுக்குப் போதும், இதற்குப் போதாது.

முதன்முதலில் அதை நான் பார்த்தது கம்பெனி கேப் வண்டியில், ஃபோனில். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஜீவனஹள்ளிக்கு வந்து சேருவதற்குள் ஒரு மனுஷி எத்தனை புதுப் பைத்தியம் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு முன் கித்தார், ஜப்பானிய மொழி, ரொட்டி சுடுவது எல்லாம் வந்து போயிருந்தன. இது போகவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. குன்னூர், ஏற்காடு, கொடைக்கானல், கோயம்புத்தூர், ஓசூர் என்று பல ஊர்க்காரர்கள். எல்லாம் தமிழில்தான் பேச வேண்டும் என்பது குழுவின் கட்டுப்பாடு, பெருமையும்கூட. வருஷம் ஒருமுறை ஆண்டு மலர் என்று ஒரு புத்தகம் அச்சடித்துக் கொண்டுவருவார்கள். உறுப்பினர்கள் விதையிலிருந்து புதிதாக உண்டாக்கிய ரகங்களை அதில் போடுவார்கள். யார் உண்டாக்கினாரோ அவர்தான் பூவைத் தமிழில் வர்ணித்து எழுத வேண்டும், அவர்தான் பெயர் வைக்க வேண்டும். அச்சில் வந்துவிட்டால் அந்தப் பூ அவருடையது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். உலகத்தில் ஒரு பூவுக்காவது நான் வைத்த பெயர் இருக்க வேண்டும். எல்லாப் பைத்தியத்தையும் பாதியில் விட்டவளுக்கு ஒன்றையாவது முடித்துக் காட்ட வேண்டும்.

குழுவில் சேர்ந்த வாரமே வாயைத் திறந்துவிட்டேன். தமிழில்தான் பேச வேண்டும் என்கிறவர்கள் ஸ்டாண்டர்ட்ஸ், ஃபால்ஸ் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நிற்கிற இதழ் நிமிரிதழ், தொங்குகிற இதழ் தொங்கிதழ் என்று நான் எழுதினேன். கைதட்டல் பொம்மைகள் கொட்டின. மலரின் ஆசிரியர் ஒரு ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியை, எல்லோருக்கும் அவர் அம்மா. “அருமை மகளே, இனி இதுவே வழக்கு” என்று எழுதினார். குன்னூரில் பெரிய தோட்டம் வைத்திருந்த ஒருவரைக் குழுவில் சார் என்றுதான் சொல்வோம். அவர் “பெங்களூர்ப் பொண்ணு கெட்டிக்காரி” என்றார். அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

கேட்டவர்களுக்கெல்லாம் சார் இலவசமாக விதை அனுப்புவார். எதோடு எது சேர்ந்தது என்று தெரியாத கலப்பு விதை, மிளகு மாதிரி சுருங்கிக் கிடக்கும். எனக்கும் வந்தது. மொட்டை மாடியில், துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே, பழைய பெயின்ட் டப்பாக்களில் போட்டேன். முளைத்ததில் பாதி செத்தது. மிச்சம் கிழங்கு வைத்தது. பூ மட்டும் இல்லை.

குளிர்தானே வேண்டும்? கிழங்குகளைப் பிடுங்கி, இலையை வெட்டி, பேப்பரில் சுற்றி, ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ போட எழுந்த அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

“ஏன்டி, இஞ்சி என்னாத்துக்கு இப்படி வேர் வுட்டுக்கினு கீது? எந்தக் கடையில வாங்கினே?”

ஓடிப்போய்ப் பிடுங்கினேன். ஒரு முனையை ஏற்கெனவே தோல் சீவிவிட்டிருந்தாள்.

“அம்மா, அது விஷம்!”

“விஷத்தைத்தான் தக்காளி பக்கத்துல வெச்சிருக்கியா? நல்லா படிச்சடி நீ.”

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “டீயில போட்டுட்டியா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல” என்றார்.

மறுபடி நட்டதில் சீவுபட்ட கிழங்குதான் பூத்தது. வேறெதுவும் பூக்கவில்லை.

வெயில் ஏற ஆரம்பித்திருந்த ஒரு காலை. முந்தின நாளே மொட்டு முறுக்கிய குடைபோல நின்றது. காலையில் துணி எடுக்கப் போன அம்மா மாடிப்படியிலிருந்தே கூவினாள்: “வந்துட்டுது வா! ஊதா! நல்ல ஊதா!”

கேப் டிரைவர் மெயின் ரோட்டில் நின்று ஃபோன் மேல் ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார். “மேடம், எஷ்டு ஹொத்து மேடம், எவ்ளோ நேரம், மத்தவங்களாம் உக்காந்திருக்காங்க.” நான் பல் துலக்கின வாயோடு மாடியில் நின்றேன்.

நிமிரிதழ்கள் வெளுத்த ஊதா, பெங்களூரில் மழை விட்ட மறுநாள் காலை வானம் இருக்குமே, அந்த நிறம். தொங்கிதழ்கள் அதைவிட ஒரு படி அழுத்தம், ஓரத்துக்குப் போகப்போக மறுபடி வெளுத்தன. தாடி நுனியில் வெள்ளை, தொண்டைக்குள் போகப்போக ஆரஞ்சு. நடுவில் மகரந்தத்தை மூடுகிற சின்ன மடல்களின் விளிம்பில், பேனாவால் இழுத்ததுபோல மெல்லிய பழுப்புக் கோடு. அந்தக் கோட்டை வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. குனிந்து மோந்தால் திராட்சை ஜூஸ் வாசனை.

“தொடலாமா?” என்றாள் அம்மா.

“தொடாதே.”

“வளத்ததே என் ஃப்ரிட்ஜு, தொடக்கூடாதாம்.”

அந்த வர்ணனையைத்தான் கேப்பில், மேம்பாலத்து டோல் தாண்டி, கட்டைவிரலால் அடித்து அனுப்பினேன். நிமிரிதழ் வெளிர் ஊதா, தொங்கிதழ் ஊதா, தாடி, பழுப்புக் கோடு, உயரம், வாசனை, எல்லாம். பெயரும் போட்டேன்: ஜீவனஹள்ளி ஊதா. படமும் போட்டேன். படத்தில் நிறம் திரிந்திருந்தது. இந்தப் பூவின் நிறத்தில் ஃபோன் கேமரா தடுமாறும், கொஞ்சம் சிவப்பைக் கலந்துவிடும் என்று வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். படத்தை நம்பாதே, எழுத்தை நம்பு என்பது குழுவில் அடிக்கடி சொல்வது. அதற்குத்தானே வர்ணனை.

அன்று நான் ஆபீஸில் என்ன வேலை செய்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. பேராசிரியை அம்மா எழுதினார்: “பெங்களூரில் தாடி ஐரிஸ்! மகளே, வரலாறு!” சார் தனியாகச் செய்தி அனுப்பினார்: “காப்புத் துண்டு அனுப்பும்மா.”

காப்புத் துண்டு என்பது அந்தக் குழுவின் வழக்கம். புது ரகம் ஒன்று உண்டானால் கிழங்கில் ஒரு துண்டை இன்னொருவர் தோட்டத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஒரு இடத்தில் செத்தாலும் இன்னொரு இடத்தில் பிழைக்கும். அங்கேயும் பூத்துக் காட்டினால்தான் மலரில் ஏறும். நல்ல வழக்கம், நான் குறை சொல்லவில்லை. பூத்து முடிந்ததும் கிழங்கை வெட்டி, சாம்பல் தடவி, லேபிளில் “ஜீவனஹள்ளி ஊதா” என்று எழுதிக் கட்டி, கூரியரில் போட்டேன்.

அந்த ஆகஸ்டில் வீட்டுக்காரரின் தண்ணீர் டேங்க் வழிந்தது. வால்வு போய்விட்டது, ஆள் வருவான், இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே மழை, கீழே டேங்க் தண்ணீர். இந்தக் கிழங்கு வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்க வேண்டியது. நனைந்தே கிடந்தால் உள்ளே கஞ்சியாகிவிடும். ஆனது. விசிறியைப் பிடித்துத் தூக்கினேன், இலை மட்டும் கையோடு வந்தது. செத்த எலி நாற்றம். நான் அழவில்லை. காப்புத் துண்டு இருக்கிறதே.

சாரிடம் கேட்டேன். “நல்லா இருக்கும்மா, மலை மண்ணுல குஷியா இருக்கு.” அடுத்த வருஷம் கேட்டேன். “இன்னும் பூக்கலை. பொறுமை.” அதற்கப்புறம் கேட்டபோது நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. பெரிய மனிதர், ஆயிரம் செடி, எதற்குத் தொல்லை செய்ய வேண்டும் என்று விட்டேன்.

போன வருஷம் ஏப்ரலில் மலர் வந்தது. ஐந்தாம் பக்கத்தில் என் பூ இருந்தது.

குன்னூர் வானம் என்று பெயர். உண்டாக்கியவர்: சார். “நிமிரிதழ் வெளிர் நீலம். தொங்கிதழ் நீலம், ஓரம் வெளுத்தது. தாடி வெண்மை, அடியில் ஆரஞ்சு. மடல் விளிம்பில் அரிய பழுப்புக் கோடு. திராட்சை மணம்.” நான் கண்டுபிடித்த சொற்களையே போட்டு என் பூவை வர்ணித்திருந்தார். அவரிடம் நல்ல கேமரா இருந்தது, நிறம் கொஞ்சமும் திரியவில்லை. மழை விட்ட மறுநாள் காலை வானம்.

ஆபீஸ் கான்டீனில் உட்கார்ந்து குழுவில் எழுதினேன்: “சார், இது நான் அனுப்பிய ஜீவனஹள்ளி ஊதா. பழுப்புக் கோட்டைப் பாருங்கள்.”

சார் பதில் சொல்லவில்லை. பேராசிரியை அம்மா சொன்னார்.

“மகளே, நீ எழுதியது ஊதா. இது நீலம். உன் படத்திலும் ஊதாதான் தெரிகிறது. ஒரே காயிலிருந்து வந்த விதைகள் அக்கா தங்கைகள் மாதிரி, கோடு இரண்டிலும் இருக்கலாம்.”

“அம்மா, நான் ஊதா என்று எழுதியது நீலத்தைத்தான்.”

“ஊதா என்றால் வயலட் அல்லவா? அகராதியைப் பார்.”

“எங்கள் வீட்டில் ஊதா என்றால் நீலம்.”

அவ்வளவுதான். ஓசூர்க்காரர் ஒருவர், “அப்ப வயலட்டை என்ன சொல்வீங்க மேடம்?” என்றார்.

“கத்திரிப்பூ கலர்.”

கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக விழுந்தன. “பெங்களூர்த் தமிழ்!” என்றார் கோயம்புத்தூர்க்காரர். “கன்னடமா இது?” என்றார் இன்னொருவர். “கத்திரிப்பூ, சூப்பர், சாம்பார் வெச்சுடலாம்.” யாரும் கெட்டவர்கள் இல்லை. சும்மா ஜாலியாகத்தான்.

நிமிரிதழ் சொன்னபோது நான் மகள். ஊதா சொன்னதும் பெங்களூர்த் தமிழ்.

எங்கள் தெருவில் ஊதா என்றால் நீலம்தான். இங்க் ஊதா, பக்கெட் ஊதா, ஸ்கூல் பாவாடை ஊதா, வானம் ஊதா. நீலம் என்ற சொல் தெரியாது என்று இல்லை. நீலம் எங்களுக்குக் கொடி. தெருமுனையில் கம்பத்தில் பறப்பது, ஏப்ரல் பதினாலு ஜெயந்திக்கு வீட்டுக்கு வீடு கட்டுவது, அப்பா புத்த விகாரைக்குப் போகும்போது தோளில் போட்டுக்கொள்ளும் துண்டு. அந்த அழுத்தமான நிறம் மட்டும்தான் நீலம். அதை ஒரு பக்கெட்டுக்கோ பாவாடைக்கோ சொல்லி யாரும் கேட்டதில்லை. யாரும் சொல்லித் தந்ததும் இல்லை, அப்படியே வாயில் இருக்கிறது. அந்தப் பூ அத்தனை அழுத்தம் இல்லை. அதனால் ஊதா. இதைவிடத் துல்லியமாக என்னால் எழுதியிருக்க முடியாது.

இதையெல்லாம் குழுவில் அடித்தேன். நீளமாக அடித்தேன். கொடி என்ற சொல் வந்ததும் கட்டைவிரல் நின்றது. என்ன கொடி என்று கேட்பார்கள். கேட்காமலே புரிந்துகொள்வார்கள், அது இன்னும் மோசம். அதுவரை அவர்களுக்கு நான் பெங்களூரில் ஐடியில் வேலை செய்கிற கெட்டிக்காரப் பெண். அதற்கப்புறம் யாராக இருப்பேன்? மகளே என்பார்களா? சொல்லியிருந்தால் அதே மாதிரியும் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஒரு பூவுக்காக அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அழித்தேன். “சரி அம்மா” என்று மட்டும் அனுப்பினேன்.

ஆனால் விடவும் முடியவில்லை. மறுநாள் சாருக்கு ஃபோன் செய்தேன். அன்பாகத்தான் பேசினார்.

“ஏம்மா, கோவமா?”

“இல்ல சார். என் துண்டு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்.”

“அதுதாம்மா எனக்கும் புரியலை. உன் லேபிள் இருந்த இடத்துலதான் இது பூத்துது.”

அவரே தொடர்ந்தார்.

“லேபிள்ல ஊதான்னு எழுதியிருக்கு. பூத்தது பாத்தா நல்ல நீலம். சரி, லேபிள் மாறிப்போச்சுன்னு முடிவு பண்ணேன். காக்கா பிடுங்கிப் போடும், தோட்டக்காரன் களை எடுக்கறப்ப மாத்திச் செருகிடுவான், இதெல்லாம் சகஜம். உன்னோடது எங்கேயோ செத்துப்போயிருக்கும். இது என் நாத்துல ஒண்ணு.”

“சார், லேபிள் மாறல. அந்தச் சொல்லுக்குத்தான் ரெண்டு அர்த்தம்.”

“நேத்து படிச்சேம்மா, குழுவுல நீ எழுதினதை.” மலையில் எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது. “இருக்கலாம். நான் இல்லேன்னு சொல்லலை.”

“அப்ப குழுவுல ஒரு வார்த்தை சொல்லுங்களேன் சார். என் லேபிள் இருந்த இடத்துல பூத்ததுன்னு மட்டும்.”

“மலர் வந்தாச்சேம்மா. எல்லாரும் வாழ்த்திட்டாங்க. இப்பப் போயி... உனக்குச் சின்ன வயசு. நீ இன்னும் எத்தனையோ பூ கொண்டுவருவே. எனக்கு இது கடைசியாக்கூட இருக்கலாம்.” பிறகு குரலைக் குஷியாக்கிக்கொண்டு, “ஒரு துண்டு அனுப்பறேன், வெச்சுக்கோ. உங்கிட்ட இல்லாமப் போகக் கூடாது” என்றார்.

அவர் திருடன் என்று சொல்ல எனக்கு ஆசை. சொல்லவும் வரவில்லை. லேபிளைப் படித்தார், அகராதி சொன்னபடி படித்தார். சரியாகப் படித்ததனால்தான் என் பூ அவருடையதாயிற்று. உண்மை தெரிந்த பிறகும் வைத்துக்கொண்டார் என்பதுதான் மிச்சம். அந்த மிச்சத்தை ஃபோனில் எங்கள் இருவரைத் தவிர யாரும் கேட்கவில்லை.

துண்டு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என் தோழி ஒருத்தி, ஆபீஸில் பக்கத்து சீட், “சுயமரியாதை இருந்தா திருப்பி அனுப்புவேடி” என்றாள். சுயமரியாதை இருக்கிறது. அந்தச் செடி உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பதும் இருக்கிறது.

பார்சல் ஆபீஸ் ரிசப்ஷனுக்கு வந்தது. நல்ல தடித்த கிழங்கு, சுத்தமாக இலை வெட்டி, லேமினேட் செய்த லேபிள் கட்டி. குன்னூர் வானம். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

“நம்ம இஞ்சி! எங்க போயிருந்துச்சு இது?”

“நம்மோடது இல்லம்மா. குன்னூர்ச் செடி.”

“அதே மூஞ்சி கீது.”

“கிழங்குக்கு என்னம்மா மூஞ்சி?”

“சரி, நீ சொன்னா சரி” என்று சொல்லிவிட்டுக் காய்கறித் தட்டில் தக்காளியைத் தள்ளி இடம் பண்ணினாள். இன்னும் மாசம் வரவில்லை, டிசம்பர் வந்ததும் வைக்கலாம் என்று சொல்லி, மாடியில் ஒரு டப்பாவில் நட்டேன்.

குழுவில் யார் செடி கொடுத்தாலும், நட்டதும் லேபிள் தெரிய ஒரு படம் போட்டு, ரகத்தின் பெயர் சொல்லி நன்றி எழுத வேண்டும். நான் போடாமல் இருந்தேன். ஒரு வாரம் கழித்து பேராசிரியை அம்மா கேட்டார்: “மகளே, சார் அனுப்பினாராமே, வந்து சேர்ந்ததா?” இரண்டு பேருக்கும் நடுவில் சமாதானம் ஆக வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடிக்குப் போய்ப் படம் எடுத்தேன். “குன்னூர் வானம் வந்து சேர்ந்தது. நன்றி சார்” என்று அடித்தேன். கும்பிடுகிற பொம்மை ஒன்றும் போட்டேன்.

உடனே ஓசூர்க்காரர் எழுதினார்: “புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஏத்த செடி மேடம், சீக்கிரம் சாகாது.”

போன டிசம்பரில் பிடுங்கி ஃப்ரிட்ஜில் வைத்தது, சங்கராந்திக்கு அப்புறம் மாடிக்கு ஏறியிருக்கிறது. இப்போது விசிறி நான்கு விரற்கடை வந்துவிட்டது. டேங்கின் வால்வை நானே ஆள் கூப்பிட்டு மாற்றிவிட்டேன். பூக்கும் என்றுதான் தோன்றுகிறது. பூத்தால் என்ன எழுதலாம் என்பதற்கும் குழுவில் விதி இருக்கிறது. ஏற்கெனவே மலரில் ஏறிய ரகத்தை வளர்ப்பவர் வர்ணிக்க வேண்டியதில்லை, ஊரையும் தண்டின் உயரத்தையும் பூத்த தேதியையும் மட்டும் சொன்னால் போதும். சொல்வேன். உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து சரியாகச் சொல்வேன்.